முகம் பார்க்காத தோழி அனுப்பிய பார்சல்!

1949-ம் ஆண்டு டிசம்பர் மாதம். லண்டன் சேரிங் கிராஸ் சாலையில், 84-ம் எண் கடையில் இருந்தது ‘மார்க்ஸ் அண்ட் கோ’ என்ற பழைய புத்தகக் கடை. அந்தக் கடைக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், உள்ளே எல்லாம் சாப்பாட்டுப் பொருட்கள். 6 பவுண்டு எடையுள்ள பதப்படுத்திய பன்றி இறைச்சியும் அதில் இருந்தது.

அனுப்பியவர் ஹெலீன் ஹான்ஃப். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வசித்த எழுத்தாளர். கடையில் இருந்த யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் அந்தக் கடைக்கு முதல் கடிதம் எழுதியே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஹெலீன் ஒன்றும் வசதியானவர் அல்ல. நாடகம், தொலைக்காட்சி என்று எழுதிப் பிழைத்தவர். பழைய ஆங்கில இலக்கிய நூல்கள் மலிவாகக் கிடைக்குமா என்று, பத்திரிகை விளம்பரம் பார்த்து அந்தக் கடைக்கு எழுதினார். பதில் போட்டவர் கடை ஊழியர் ஃபிராங்க் டோயல். ஹெலீனின் கடிதங்களில் குறும்பு கொப்பளிக்கும். கேட்ட புத்தகம் வரத் தாமதமானால் செல்லமாகத் திட்டுவார். ஃபிராங்கோ அளந்து, பணிவாகப் பதில் எழுதுவார்.

அப்போதுதான் ஹெலீனுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. போர் 1945-லேயே முடிந்துவிட்டது. ஆனால், பிரிட்டனில் 1940-ல் தொடங்கிய உணவு ரேஷன் இன்னும் நீங்கவில்லை. இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாமே அளந்துதான் கிடைத்தன. முட்டைக்கும் தட்டுப்பாடு. இது காதில் விழுந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. டென்மார்க்கிலிருந்து உணவுப் பொருட்களை லண்டனுக்கு அனுப்ப வழி இருப்பதை அறிந்து, உடனே பணம் கட்டிவிட்டார்.

அனுப்பிய பிறகுதான் ஒரு பதற்றம். கடை முதலாளிகளின் பெயர்கள் மார்க்ஸ், கோஹன். ‘அவர்கள் யூதர்களாக இருந்தால் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டார்களே!’ உடனே கடைக்கு எழுதி, வேண்டுமானால் வேறு இறைச்சி அனுப்புவதாகச் சொன்னார்.

ஃபிராங்கின் பதில் வந்தது. தங்களுக்குப் பங்கு வேண்டாம், ஊழியர்களே பகிர்ந்துகொள்ளட்டும் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்களாம். பார்சலில் இருந்தவை எல்லாம் கண்ணிலேயே படாத, அல்லது கள்ளச் சந்தையில் மட்டுமே கிடைக்கிற பொருட்கள் என்றும் ஃபிராங்க் எழுதியிருந்தார்.

அதன் பிறகும் பார்சல்கள் தொடர்ந்தன. முட்டை அனுப்ப நினைத்தபோது, முட்டையா, முட்டைப் பொடியா, எது வேண்டும் என்று ஊழியர்களையே கேட்டார் ஹெலீன். இன்னொரு முறை, ஃபிராங்க் மதிய உணவு முடித்துத் திரும்பியபோது மேசை மேல் நைலான் காலுறைகள் இருந்தன. கூடவே ஹெலீன் பெயரில் ஒரு துண்டுச் சீட்டு. எப்படி வந்தது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த நாளில் பெண்களுக்கு அது கிடைத்தற்கரிய பொருள். லண்டனில் இருந்த நடிகைத் தோழி மூலம் ஹெலீன் செய்த ஏற்பாடு அது!

லண்டன்காரர்களும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. ஃபிராங்க் வீட்டுக்கு அடுத்த வீட்டு மூதாட்டி கையால் பூவேலை செய்த லினன் மேசை விரிப்பு ஒன்றை ஹெலீனுக்கு அனுப்பினார்கள். ஒருமுறை அழகான கவிதைப் புத்தகம் போனது. புத்தகம் வீணாகிவிடக் கூடாது என்று வாழ்த்தைத் தனி அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். ஹெலீனுக்கு அதில்தான் குறை. ‘புத்தகத்திலேயே எழுதியிருக்கலாமே!’ என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

1954 ஜூலையில் ரேஷன் முழுமையாக முடிந்தது. உணவுப் பார்சலுக்குத் தேவை இல்லாமல் போனது, கடிதங்கள் நிற்கவில்லை. ஃபிராங்கின் மனைவி நோராவும் ஹெலீனுக்கு எழுதத் தொடங்கியிருந்தார். ‘எப்போது லண்டன் வருகிறீர்கள்?’ என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஹெலீனும் பணம் சேர்ப்பார். பல் வைத்தியம், வீடு மாற்றம் என்று ஏதாவது செலவு வந்து நிற்கும். பயணம் தள்ளிப்போகும்.

1968 டிசம்பரில் ஃபிராங்க் இறந்துபோனார். கடையிலிருந்து வந்த கடிதம்தான் அந்தச் செய்தியைச் சொன்னது. ஏறத்தாழ 20 ஆண்டு நட்பு. ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே முடிந்துவிட்டது.

அந்தக் கடிதங்களைத் தொகுத்து, கடையின் முகவரியையே தலைப்பாக்கி 1970-ல் புத்தகமாக வெளியிட்டார் ஹெலீன். அதுவரை பெரிதாக அறியப்படாத அவருக்கு அந்தப் புத்தகம் புகழைக் கொடுத்தது. 1987-ல் திரைப்படமாகவும் வந்தது. 1971-ல் அவர் ஒருவழியாக லண்டன் போய் இறங்கியபோது, விமான நிலையத்தில் நோராவும் மகள் ஷீலாவும் காத்திருந்தார்கள். கடை மூடப்பட்டிருந்தது. வெறும் அலமாரிகள் நின்ற அந்த அறைகளுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இன்று பரிசு அனுப்புவது கைப்பேசியில் நான்கு தட்டு தட்டுகிற வேலை. ஆனால், நண்பர் வீட்டில் இப்போது எதற்குக் குறை, அவர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிட மாட்டார் என்று யோசிக்கிற வேலையை எந்தச் செயலியும் நமக்காகச் செய்துவிடாது. ஹெலீனின் பார்சலில் இறைச்சியோடு சேர்ந்து போனது அந்த யோசனைதான்.

நெடுநாள் நண்பர் ஒருவருக்கு ஏதாவது அனுப்ப நினைத்தால், கையால் நாலு வரி எழுதியும் வையுங்கள். புத்தகம் என்றால், முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால், பார்சலை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்!