ஒரு சக்கரம் சுத்துது, இன்னொண்ணு நிக்குது… ஏன் தெரியுமா?

விழுப்புரம்–திருவண்ணாமலை சாலையில் கெடார் பக்கம், கரும்பு வெட்டு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இதைப் பார்க்கலாம். லோடு ஏற்றிய லாரி வயலிலிருந்து ரோட்டுக்கு ஏற முக்குகிறது. இடது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது. வலது சக்கரம் கெட்டி மண்ணில் இருக்கிறது. ஆனால் அசையவே இல்லை!

"பவர் எல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போயிடுச்சு" என்பார்கள். உண்மை தெரியுமா? பின்சக்கரங்களுக்கு நடுவே விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கிறது! சேற்றில் வழுக்கும் சக்கரத்தைச் சுற்றக் கொஞ்சம் விசையே போதும். அதே கொஞ்சம்தான் கெட்டி மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் வந்து சேர்கிறது. அவ்வளவு லோடு எப்படி நகரும்?

அப்படியானால் டிஃபரன்ஷியலே வேண்டாமா? ஐயோ, அது இல்லாமல் ஒழுங்காகத் திரும்பவே முடியாது! பின்சக்கரங்களுக்கு நடுவே 1.8 மீட்டர் என்றால், வண்டி செங்கோணமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 2.8 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். குறுகிய தெருமுனையோ, பைபாஸின் அகன்ற வளைவோ, அந்தக் கணக்கு மாறவே மாறாது! 1820-களின் கடைசியிலேயே இதற்குப் பல்சக்கரங்களால் வழி கண்டு காப்புரிமை வாங்கியவர் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர்.

நம் ஊர் டிராக்டரில் சேற்றுக்கென்றே ஒரு டிஃப் லாக் பெடல் உண்டு. மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மிதிக்கவே வேண்டாம், வண்டியே பூட்டிக்கொள்ளும் என்றால்? ஈட்டன் நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக் லாக்கர் அதைத்தான் செய்கிறது! சென்சார் இல்லை, ஒயர் இல்லை. உள்ளே சின்ன எடைக்கட்டிகள். இரு சக்கர வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசப்பட்டதும் அவை விரிந்து கொக்கியில் மாட்டும். அடுத்த கணம் அச்சு முழுக்கப் பூட்டு! மணிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தாண்டிவிட்டால் அது பூட்டவே பூட்டாது. 2021-இல் வந்த பொலேரோ நியோவின் உயர்ந்த வகையில் இந்த வசதி இருக்கிறது, அதுவும் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும் வண்டியில்!

டெட்ராய்ட் லாக்கர் இதற்கு நேர் எதிர். எப்போதும் பூட்டியே இருக்கும். திரும்பும்போது மட்டும் வெளிச்சக்கரத்தை விடுவிக்கும். அப்போது பின்னால் 'டிக் டிக்' என்று கேட்கும். பயப்படாதீர்கள், அது வேலை செய்கிற சத்தம்! ஆனால் பின்டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே காற்று. இதில் சமரசமே கூடாது.

லாக்கரைப் பொருத்துவதுதான் பெரிய வேலை. உள்ளே இருக்கும் சின்ன கியர்களை மட்டும் கழற்றிவிட்டு மாட்டும் வகை சுலபம். கூடு முழுவதும் மாற வேண்டுமென்றால், கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஷிம் வைத்து, டயல் கேஜில் பார்த்து, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போலச் சரிசெய்ய வேண்டும். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார் கைதேர்ந்த மெக்கானிக். தடம் தப்பினால் வண்டி ஊளையிடும், கொஞ்ச நாளில் பல்லும் உடையும்! நல்ல பட்டறை கிடைக்கும் வரை காத்திருங்கள் என்றே சொல்வேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு ஓட்டுவதிலும் கவனம் வேண்டும். 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் கொட்டிய மழை 51 சென்டிமீட்டர்! அப்படி நனைந்த தார் ரோட்டில் லாக்கர் வண்டியில் போகும்போது வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே வழுக்கும், வண்டியின் பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பி முடித்த பிறகு மெதுவாக மிதியுங்கள்.

இன்னொன்று, இது உயிர் விஷயம்! ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, இன்ஜினை ஓட்டி கியர் போடவே கூடாது. சாதாரண வண்டியில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். லாக்கர் வண்டியில் தரையிலிருக்கும் சக்கரமும் இழுக்கும், வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும்!