இரவற் பெயரும் சொந்தக் கடையும்

பெருங் கம்பனியொன்றின் பெயரையும் செய்முறையையும் கட்டணங் கொடுத்துப் பெற்று, தமது முதலைக் கொண்டு கடை நடாத்தும் வழக்கத்தை ‘பிரான்சைஸ்’ என்பர். தமிழில் இதனைப் பெயருரிமை வாணிகம் எனலாம். கொழும்பு வீதிகளிலே கோழிப் பொரியலும் பீட்சாவும் விற்கும் அயல்நாட்டுப் பெயர்ப்பலகைகளைக் கண்ட நேயர்களுக்கு இது புதியதன்று. பலகையிலுள்ள பெயர் கடல் கடந்து வந்தது. கடையில் இட்ட முதலோ வேறொருவரது.

இவ்வாறு முதலிட்டவர் தம் கடையின் அன்றாட நடப்பில் எவ்வளவு தூரம் ஈடுபடல் வேண்டும்? பெயரும் முறையும் ஆயத்தமாகக் கிடைக்கும்போது, முகாமையாளர் ஒருவரை அமர்த்திவிட்டு மாத முடிவில் கணக்குப் பார்த்தாற் போதாதா? வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் இதிற் போடுவோர் பலராதலின், இது வெறும் ஏட்டு வினா அன்று. இதற்கு விடை தேடுவோர் இவ்வாணிகம் பெருவளர்ச்சி கண்ட அமெரிக்காவை நோக்குதலே பொருத்தமாகும்.

பாற்பானம் கலக்கும் இயந்திரங்களை விற்றுத் திரிந்த றே குறொக் என்பவர், 1954 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவின் சான் பேர்ணடீனோ நகரில் மக்டொனால்ட் சகோதரர் இருவர் நடாத்திய உணவுச்சாலையைக் கண்டார். அங்கே பண்டங்கள் சில, அளவு ஒன்று, பரிமாறும் வேகமோ வியக்கத்தக்கது. அம்முறையை நாடெங்கும் பரப்பும் உரிமையைப் பெற்ற குறொக், 1955 ஏப்ரலில் சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள டெஸ் பிளெயின்சில் தமது முதற் கடையைத் திறந்தார். அவரிடம் பெயருரிமை பெறுவோர் தொடக்கத்தில் 950 டொலரும், பின்னர் விற்பனையில் நூற்றுக்கு 1.9 வீதமும் செலுத்தவேண்டும்.

முதலில் வந்தோருட் சிலர் குறொக்கின் கோல்வ் கழக நண்பர்கள். அவர்கள் வசதி படைத்தவர்கள். வேறு தொழில் உடையவர்கள். கடை அவர்களுக்கு இருந்த இடத்திலேயே பணம் ஈட்டித் தரும் ஒரு சொத்து. சிலர் பண்டங்களைத் தம் விருப்பப்படி மாற்றினர். சிலர் துப்புரவைக் கவனியாது விட்டனர். நண்பர்களாதலின் கண்டிக்கவும் குறொக்குக்குக் கடினமாயிற்று. அதே ஆண்டில் வோக்கீகன் என்னும் ஊரிலே, அச்சகத் தொழிலாளி ஒருவரும் வேதாகமம் விற்றுவந்த அவர் மனைவியும் தம் சேமிப்பையெல்லாம் திரட்டிக் கடையொன்றை எடுத்தனர். இருவரும் கடையிலேயே நின்று உழைத்தனர். வாங்குவோர் கூட்டம் நீண்ட வரிசையாகத் திரண்டது. அக்கடையின் செழிப்பே பின்னர் வந்தோர் பலருக்குக் காட்டும் சான்றாயிற்று. பணமுடையோரினும், தாமே உழைக்க வருவோரையே குறொக் அதன்பின் பெரிதும் நாடினார்.

இதன் காரணம் மறைபொருளன்று. உணவுக்கடையிலே இலாபம் கரைவது சிறு கசிவுகளால். ஆறிப்போய்க் கொட்டப்படும் உருளைக்கிழங்கு, மாற்றவேண்டிய வேளையில் மாற்றாத எண்ணெய், கூட்டமில்லாத பொழுதில் அளவுக்கு மிஞ்சி நிற்கும் பணியாட்கள் என்பனவெல்லாம் கடையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியும். மாதக் கணக்கு, நோய் முற்றிய பின் கிடைக்கும் வைத்திய அறிக்கை போன்றது. இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. கம்பனிக்குரிய பங்கு பொதுவாக விற்பனையிலிருந்தே கணிக்கப்படுகிறது, இலாபத்திலிருந்து அன்று. கடை நட்டத்தில் ஓடினாலும் அப்பங்கைச் செலுத்தியே தீரவேண்டும். ஆகவே கசிவின் சுமை பெரும்பாலும் உரிமையாளர் தலையிலேயே விழுகிறது.

அப்படியாயின் எல்லாவற்றிலும் கை வைக்கலாமா எனின், அதுவும் தகாது. எந்த ஊரிலும் ஒரே சுவை கிடைக்கும் என்னும் நம்பிக்கைக்கே பெயருரிமையிற் பணங் கொடுக்கப்படுகிறது. உப்பையும் மசாலையையும் தம் எண்ணப்படி கூட்டிக் குறைக்க விரும்புபவர் தம் பெயரிலேயே ஒரு கடை திறத்தல் நன்று, கட்டணமாவது மிஞ்சும். பணியாளரைத் தெரிதல், பழக்குதல், துப்புரவு, வாடிக்கையாளரின் குறை கேட்டல் ஆகியவற்றில் உரிமையாளர் எவ்வளவு ஈடுபட்டாலும் மிகையாகாது. செய்முறையில் மாற்றம் வேண்டின், அதைக் கம்பனியிடம் கேட்டே செய்தல் வேண்டும்.

கேட்டுப் பெற்றவரும் உளர். சின்சினாற்றி நகரில் மக்டொனால்ட்ஸ் கடை நடாத்திய லூ குறோன், வெள்ளிக்கிழமை தோறும் தம் விற்பனை விழுவதைக் கண்டார். ஒரு வெள்ளியன்று கிடைத்தது 75 டொலர் மட்டுமே. அயலில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கத்தோலிக்கர். அந்நாளில் புலால் விலக்குபவர். தலைமைக் காரியாலயத்தின் ஏடுகள் இதை ஒருபோதும் சொல்லியிரா. கடையில் நின்றவருக்கே அது புலப்பட்டது. அவர் மீன் வைத்த ரொட்டியொன்றை ஆக்கி, அதனை விற்க அனுமதி கேட்டார். குறொக்குக்கோ மீன் நாற்றம் பிடிக்கவில்லை. அன்னாசித் துண்டும் பாற்கட்டியும் வைத்த ஒரு பண்டத்தை அவர் தாமே முன்வைத்தார். 1962 ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்ப்பதென முடிவாயிற்று. மீன் ரொட்டி 350 விற்றது. அன்னாசிப் பண்டம் ஆறு. விலையைக் குறைக்கவேண்டுமெனக் கம்பனி கேட்டபோது மீனின் இனத்தை மாற்றவும் குறோன் இணங்கினார். 1965 இல் அது நாடெங்கும் பரவிற்று. 1967 இல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் தோன்றிய ‘பிக் மாக்’ என்பதும், ஜிம் டெலிகாற்றி என்னும் பெயருரிமையாளர் ஒருவர் ஆக்கியதே.

கடைகள் ஐந்து பத்தாகப் பெருகும்போது ஒருவர் எல்லாவற்றிலும் நிற்றல் இயலாது. அப்பொழுது அவர் வேலை முகாமையாளரை உருவாக்குதலாக மாறுகிறது. முதற்கடையில் நின்று பழகாதவர் இதனைச் செய்தல் அரிது.

எவ்வளவு ஈடுபாடு வேண்டுமென்பதை எல்லாக் கம்பனிகளும் ஒரே விதமாக வரையறுப்பதில்லை. சிக்-பில்-ஏ என்னும் அமெரிக்கக் கம்பனி 10,000 டொலர் மட்டும் பெற்றுக் கடையை ஒப்படைக்கிறது. ஆனால் முழுநேரமும் அங்கு உழைப்பவரையே தெரிகிறது. வேறு சில, பயிற்சி பெற்ற முகாமையாளர் இருந்தாற் போதுமென்கின்றன. இதனால் அமெரிக்கச் சட்டப்படி, ஒப்பமிடுவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னரே விளக்க ஆவணமொன்று கொடுக்கப்படல் வேண்டும். உரிமையாளர் நேரில் உழைக்கவேண்டுமா என்பதை அதன் 15 ஆம் பகுதி கூறும். ஏற்கெனவே கடை நடாத்துவோரைப் பற்றிய விபரம் 20 ஆம் பகுதியிலுண்டு. பெயருரிமை நாடுபவர் அவர்களுட் சிலரைச் சென்று காணல் நன்று. இலாபம் எவ்வளவு என்று விசாரிக்குமுன், காலையில் எத்தனை மணிக்குக் கடைக்கு வருகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கலாம்.