உறைந்த ஏரியில் முதல் மீன்பிடிப்பு: சிறுவரை அழைத்துச் செல்வோர் அறிய வேண்டியவை

குளிர்காலத்தில் ஏரி உறைந்து இறுகியதும், பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கி மீன் பிடிப்பது ஒன்ராறியோவில் நெடுங்கால வழக்கம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சிம்கோ ஏரி இதற்குப் பெயர் பெற்றது. பெப்ரவரியில் வரும் குடும்ப தின வார இறுதியில், கனடாவில் வசிப்போர் உரிமம் பெறாமலே மீன் பிடிக்க மாகாண அரசு இடமளிக்கிறது. ஆதலால் பல குடும்பங்கள் அந்நாள்களிலேயே முதன்முறையாகப் பனிக்கட்டியின் மீது கால் வைக்கின்றன.

சிறு பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாமா என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. செல்லலாம். ஆனால் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: பிள்ளை "குளிருது" என்று சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. திரும்பும் நேரத்தைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைகள் ஏன் விரைவில் குளிர்ந்துவிடுகிறார்கள்?

உடலின் எடையோடு ஒப்பிடுகையில் பிள்ளைகளின் தோற்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். வெப்பம் வெளியேறுவது தோலின் வழியே என்பதால் அவர்கள் விரைவாக வெப்பத்தை இழக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றலும் போதாது. ஆகவே அவர்களை இப்பயணத்தில் சேர்க்காதிருப்பதே நன்று.

பனிச்சறுக்கில் ஓடியாடும் பிள்ளையின் தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மீன்பிடிப்பிலோ அசையாமல் உட்கார்ந்திருப்பதே பெரும்பகுதி. நேற்று இரண்டு மணி நேரம் பனியில் விளையாடிய அதே பிள்ளை, இன்று தூண்டில் அருகே அரை மணி நேரத்தில் குளிர்ந்துபோகலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்கவும் ஓடவும் விடுங்கள். அப்போதே கையுறையைக் கழற்றி விரல்களைத் தொட்டுப் பாருங்கள்.

வெப்பநிலை மறை 25 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலோ, காற்றுக்குளிர் மறை 28 அல்லது அதற்கும் கடுமையாக இருந்தாலோ பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்குமாறு கனேடியக் குழந்தை மருத்துவச் சங்கம் அறிவுறுத்துகிறது. அந்த அளவுக் காற்றுக்குளிரில் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறைந்துவிடலாம்.

பனிக்கட்டியின் பலம்

ஒருவர் நடக்கக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பும், பலர் கூடி நிற்க 20 சென்ரிமீற்றர் தடிப்பும் வேண்டும் என்பது கனேடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அளவுகோல். இவ்வளவுகள் தெளிந்த நீல நிறப் பனிக்கட்டிக்கு உரியவை. வெண்ணிறப் பனிக்கட்டிக்கு அதன் பாதிப் பலமே உண்டு. சாம்பல் நிறம் உள்ளே நீர் இருப்பதைக் காட்டும். அதில் கால் வைக்க வேண்டாம். ஒரே ஏரியிலும் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். ஆற்று வாயிலிலும் நீரோட்டமுள்ள இடத்திலும் அது மெலிந்திருக்கும். முதன்முறை செல்வோர், குடில் வாடகைக்கு விடும் உள்ளூர்க்காரரிடம் அன்றைய தடிப்பைக் கேட்டறிந்த பின்னரே இறங்க வேண்டும்.

நீரில் விழுந்தவர் நிலையை 1-10-1 என்னும் எண்களால் மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் விளக்கினார். மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம். கைகால்கள் பயன்படும் காலம் 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம். பெரியவர்களைக் கருதிச் சொன்ன இக்கணக்கு சிறுவருக்கு இன்னும் சுருங்கும். ஆகவே பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி அணிவியுங்கள். எவரேனும் விழுந்தால் ஓடிச் சென்று விளிம்பில் நிற்காதீர்கள். 911ஐ அழைத்து, படுத்த நிலையில் தொலைவிலிருந்தே கயிற்றை எறியுங்கள்.

மீன்பிடிக்க இடும் துளையின் அகலம் 15 முதல் 25 சென்ரிமீற்றர்தான். எனினும் சிறு பாதம் அதற்குள் நழுவப் போதும். பயன்படுத்தாத துளையை மூடி வையுங்கள்.

உடை

உள்ளாடை பருத்தியாக இருக்க வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும். கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் உடை, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத அங்கி என மூன்று அடுக்காக அணிவிக்கவும். விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறையே ஐவிரல் கையுறையைவிடச் சூடானது. காலணி இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறையும். பிள்ளைகள் துளையில் கைவிடாமல் இருக்க மாட்டார்கள். மாற்றுக் கையுறைகளும் காலுறைகளும் இரண்டு சோடியாவது வேண்டும்.

காரில் செல்லும்போது தடித்த அங்கியைக் கழற்றிவிட்டே பிள்ளையை இருக்கையில் பூட்டுங்கள். அங்கியோடு பூட்டினால் விபத்தின்போது பட்டி தளர்ந்து பயனற்றுப்போகும்.

குடிலுக்குள் இருக்கும் ஆபத்து

குளிரிலிருந்து காக்கும் குடிலிலேயே வேறோர் ஆபத்து உண்டு. எரிவாயு ஹீற்றர் எரியும்போது காபன் மொனொக்சைட் வெளிவரக்கூடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வேகமாக மூச்சு விடும் பிள்ளைகளையே அது முதலில் தாக்கும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, வழக்கமில்லாத தூக்கம் ஆகியவை அடையாளங்கள். உடனே அனைவரும் வெளியேறி 911ஐ அழைக்கவும். விரலில் மாட்டும் சாதாரண ஒட்சிசன் அளவி இந்த நச்சைக் காட்டாது. எண் நன்றாக இருக்கிறதென்று நம்பி இருந்துவிடக் கூடாது. காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும். பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும்.

நோயுள்ளவர்கள் உடன் வந்தால்

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக் குழாய்கள் குளிர்ந்த வறண்ட காற்றில் சுருங்கலாம். இன்ஹேலரை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிர்ந்த இன்ஹேலர் முழு அளவு மருந்தைத் தராது. இன்சுலினும் அவ்வாறே உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. குளுக்கோஸ் அளவியும் கடுங்குளிரில் சரிவர இயங்காது. நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்த தாத்தா பாட்டிமாருக்குக் கால் உறைவது தெரியாது. அவர்களுடைய பாதங்களையும் பார்த்து வாருங்கள். இதய நோயுள்ளவர்கள் சறுக்குவண்டியை இழுப்பதும் பனியை வெட்டுவதும் கூடாது. புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

அறிகுறிகளும் முதலுதவியும்

கன்னம், காது, மூக்கு, விரல் ஆகியவை வெளிறி, மெழுகுபோலாகி, உணர்ச்சியற்றுப் போனால் அது உறைவுக்காயம். தேய்க்காதீர்கள், பனியை வைக்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். உணர்ச்சியற்ற தோல் சுடுவதை அறியாது. சூடான இடத்துக்குக் கொண்டுசென்று, இளஞ்சூடான நீரில் அமிழ்த்துங்கள். நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

பிள்ளை தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ, சோர்ந்து தூங்க முற்பட்டாலோ உடலின் உள்வெப்பம் குறைந்துவிட்டதென அறிக. நடுக்கம் நின்றுவிட்டதே என்று ஆறுதலடைய வேண்டாம். நிலை மோசமாவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். 911ஐ அழைத்து, ஈர உடையை நீக்கி, உலர்ந்த போர்வைக்குள் உங்கள் உடலோடு அணைத்துக்கொள்ளுங்கள். முழு விழிப்போடு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம்.

அவசரமல்லாத ஐயங்களுக்கு 811 என்ற எண்ணில் எந்நேரமும் தாதியரோடு பேசலாம்.

முதல் பயணத்துக்கு ஒரு மணி நேரம் போதும். மீன் அகப்படாவிட்டாலும், கை கால் சூடாக, "இன்னும் கொஞ்சம் இருப்போம்" என்று பிள்ளை கெஞ்சும்போதே புறப்பட்டுவிடுங்கள். அப்படி வீடு திரும்பும் பிள்ளைதான் அடுத்த குளிர்காலத்திலும் ஏரிக்குப் போக விரும்பும்.