உஷார்! பழைய பெட்டியில் கிடக்கும் பழக்கத்தியை உருக்கக் கொடுக்காதீர்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்து வீடுகளில் பழைய பெட்டியைக் குடைபவர்களே, கொஞ்சம் பொறுங்கள்! வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் வீட்டுப் பழசெல்லாம் நகைக்கடைத் தராசுக்குப் போகிறது. அந்தக் குவியலில் விரல் நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி இருந்தால், அதை உடனே தனியே எடுத்து வையுங்கள்.

விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் பழம் நறுக்கச் சட்டைப்பையில் வைத்திருந்த கத்தி அது. பழத்தின் புளிப்பு பட்டால் அந்தக் காலத்து எஃகு கறுத்துப்போகும். பழத்திலும் இரும்பு வாடை ஏறும். அதனால்தான் அலகை வெள்ளியில் செய்தார்கள். 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய கரை இது. இலங்கை போய்வந்த குடும்பங்களில் இப்படியொன்று தங்கியிருந்தால் ஆச்சரியமில்லை.

எடைக்குப் போட்டால் சொற்பக் காசுதான் தேறும். பெரும்பாலும் அலகு மட்டுமே வெள்ளி, கைப்பிடி சிப்பி. சேகரிப்பவர் விலை கொடுப்பது அலகின் அடியிலுள்ள பொடி முத்திரைகளுக்கு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. கிரீடம் என்றால் ஷெஃபீல்டு, நங்கூரம் என்றால் பர்மிங்காம். ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். விக்டோரியா அரசியின் தலை இருந்தால் 1890-க்குள் செய்தது. ‘ஜே.ஒய்.சி.’ கண்ணில் பட்டால் அது ஷெஃபீல்டின் ஜான் யோமன்ஸ் கௌலிஷா. இந்தக் கத்திகளுக்கே பேர்போனவர். பளபளக்கட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், முத்திரை மழுங்கிவிடும்!

வாங்குபவர்களும் உஷார். ‘இ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் வெறும் வெள்ளி முலாம். “கைப்பிடி நம்ம பாம்பன் முத்துச்சிப்பி” என்று யாராவது விலையேற்றினால் நம்பவே வேண்டாம். மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. கத்திப்பிடிக்குக் கனத்த ஓடு வேண்டும். ஆமையோடு, தந்தம் என்றால் தொடவே தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

சிங்கப்பூர் மச்சானுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். 100 ஆண்டு தாண்டிய கைவேலைப் பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போனால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை. வயது சரியாகத் தெரியாவிட்டால், இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கும்வரை அது வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.