'பேய் புடிச்சிருக்கு' என்று விட்டுவிடலாமா?



இந்த இதழில் மனச்சிதைவு என்ற வருத்தத்தைப் பற்றியும், அதோடு சேர்ந்து வரும் மற்ற மனவருத்தங்களைப் பற்றியும் பேசுகிறோம். டாக்டர்மார் இதை 'ஸ்கிசோபிரீனியா' என்பார்கள். நம்ம லயங்களில் இதற்கு வேற பேர்கள் உண்டு. 'பேய் புடிச்சிருக்கு', 'செய்வினை வச்சிட்டாங்க', 'மூளை கொழம்பிப் போச்சு' என்போம். உலகத்தில் சுமார் 300 பேருக்கு ஒருவர் இந்த வருத்தத்தோடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஆயிரம் பேர் உள்ள தோட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம். அவர்கள் யாரோ அல்ல, நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான்.

மன்னார் கரை சொல்லும் பாடம்

மன்னார் நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம்ம பாட்டன் பூட்டன் அந்தக் கரையில் இறங்கித்தான் மலைநாட்டுக்கு நடந்து வந்தார்கள். அதை நினைத்து 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் புறப்பட்டு, ஆகஸ்ட் 12இல் மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு 'கப்பல் ஏறிய' சொந்தக்காரர்களை நாம் வழியனுப்பியதும் தலைமன்னாரில்தான். 1977, 1983 கலவரங்களில் தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் பலர் வன்னியிலும் மன்னார்ப் பக்கத்திலும் குடியேறி, அங்கே யுத்தத்திலும் அகப்பட்டார்கள்.

1990 அக்டோபர் கடைசியில் மன்னார் தீவு உட்பட வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இருபது வருஷம் கழித்து, புத்தளத்தில் இருந்த அம்மக்களில் 450 பேரை மருத்துவர்கள் விசாரித்துப் பார்த்தார்கள். ஆய்வு 2013இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு ஏதோ ஒரு மனவருத்தம் இருந்தது. ஆனால் அதில் அதிகமானோர் 'மனசு சரியில்லை' என்று சொல்லவில்லை. தலைவலி, நெஞ்சடைப்பு, கை கால் உளைச்சல் என்று உடம்பைத்தான் சொன்னார்கள். நூற்றுக்கு 14 பேர் அப்படி.

இந்த வருத்தங்கள் மனச்சிதைவு அல்ல. ஆனாலும் நாம் இதில் படிக்க வேண்டியது உண்டு. மனசின் காயம் வருஷக்கணக்கில் ஆறாமல் இருக்கும். வேற வேஷம் போட்டுக்கொண்டும் வரும். ஆகவே எது எந்த வருத்தம் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

மனச்சிதைவை எப்படி அறிவது?

பெரும்பாலும் 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தொடங்கும். நல்லா வேலைக்குப் போன பையன் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குவான். குளிக்க மாட்டான், தலை சீவ மாட்டான், இரவில் தூங்க மாட்டான். 'சோம்பேறி' என்று நாம் ஏசுவோம். பிறகு, யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்பான். 'சாப்பாட்டில் விஷம் வச்சிருக்காங்க', 'ரேடியோவில் என்னையத்தான் பேசுறாங்க' என்பான். பேச்சு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போகும். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனச்சிதைவாக இருக்கலாம். அதற்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்த உடனே காட்டுங்கள்.

குரல் கேட்பதெல்லாம் மனச்சிதைவு ஆகாது. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு இரவில் அவர் கூப்பிடுவது போல் கேட்கலாம். மன்னார்க் கரையில் பிள்ளை காணாமல் போன தாய்மாருக்கும், 2025 நவம்பர் டித்வா புயல் மண்சரிவில் உறவை இழந்த மலையகத்தாருக்கும் அப்படி நடக்கலாம். அது துக்கம். மற்றக் காரியங்கள் ஒழுங்காக நடந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சோறு தண்ணி இறங்காமல், மாதக்கணக்கில் எழும்பாமல் கிடந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும்.

ஒரு வருத்தத்தோடு இன்னொன்று

மனச்சிதைவு பெரும்பாலும் தனியாக வருவதில்லை.

மனச்சோர்வு: இந்த நோயாளிகளில் பலருக்கு இதுவும் சேர்ந்திருக்கும். 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். களைநாசினியையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். நம் நாட்டில் பராகுவாட் போன்ற கொடிய மருந்துகள் 2008க்கும் 2011க்கும் இடையில் தடைசெய்யப்பட்ட பிறகு தற்கொலைச் சாவுகள் குறைந்தன. நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பலாம்.

குடியும் கஞ்சாவும்: குரலை அடக்கக் குடிக்கிறேன் என்பார்கள். குடி அடங்கியதும் குரல் இன்னும் கூடும். கஞ்சா, அதுவும் சின்ன வயதில் பழகினால், இந்த வருத்தம் வருவதற்கே வழி திறக்கும்.

அதிர்ச்சியும் பயமும்: யுத்தம், அடி உதை, சின்ன வயதுக் கொடுமை இவற்றைக் கண்டவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

எழுச்சி-தாழ்ச்சி நோய்: சில காலம் தலைகால் தெரியாத சந்தோஷம், சில காலம் பெரும் சோர்வு. இதிலும் குரல் கேட்கலாம். மருந்து வேற என்பதால் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு, எழுச்சி-தாழ்ச்சி நோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு வழிவிடும் பரம்பரைக் கூறுகளில் சில பொதுவானவை என்று 2013இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒன்றும் தங்கச்சிக்கு இன்னொன்றும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சாபம் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தாலும் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு அது வருவதில்லை.

பிள்ளை பெற்ற சில நாளில் தாய் தூங்காமல் உளறத் தொடங்கினால் அது அவசர வருத்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சங்கிலி மருந்தாகுமா?

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி இருக்கிறது. தர்காவில் வேண்டினால் சுகமாகும் என்று மனநோயாளிகளைக் கொண்டுபோய் அங்குள்ள தனியார் விடுதிகளில் விடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ஒரு விடுதியின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். பின்னால் அங்கே வேண்டுதலோடு மருந்தும் கிடைக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது.

நாமும் கோடாங்கியிடம் போகிறோம், மடு மாதாவிடம் போகிறோம், முனியாண்டிக்கு நேர்த்தி வைக்கிறோம். சாமி கும்பிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தாதீர்கள், யாரையும் கட்டிப்போடாதீர்கள், அடிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லிக் கடிதம் வாங்குங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்கப் பெரியாஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் உண்டு. வன்னி, மன்னார்ப் பக்கம் சொந்தம் இருந்தால் மன்னார் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள். வைத்தியமும் மருந்தும் இலவசம். 1926 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணியும் ஆலோசனை கேட்கலாம்.

1952இல் முதல் மருந்து வந்தது முதல் இந்த வருத்தத்தை அடக்க முடிகிறது. குரல் குறையச் சில கிழமைகள் எடுக்கும். 'இப்ப நல்லாயிட்டான்' என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. நிறுத்தினால் பெரும்பாலும் வருத்தம் திரும்பும். தினம் விழுங்க மறுப்பவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு. கை நடுக்கம், உடம்பு இறுக்கம், வாயில் நீர் வடிதல் கண்டால் டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார். உடம்பு பருக்கலாம், சீனி வருத்தமும் வரலாம். அதனால் இரத்தமும் சோதிக்க வேண்டும்.

வீட்டில் ஏச்சும் குத்தலும் கூடினால் வருத்தம் சீக்கிரம் திரும்புகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சின்ன வேலை கொடுங்கள். வாசல் கூட்டட்டும், மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணி ஊற்றட்டும். தலைவர்மாரே, கங்காணிமாரே, கிளினிக் நாளில் கூடப் போகும் தாய்க்கோ அண்ணனுக்கோ லீவு கிடைக்கத் துரையிடம் பேசுங்கள். அரைநாள் பேருக்குப் பயந்து கிளினிக்கைத் தவறவிட்டால் அந்தப் பிள்ளையின் நல்ல வருஷங்கள் போய்விடும்.

உங்கள் லயத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை ஒதுங்கி இருந்தால், இந்த வாரமே போய் அந்தக் குடும்பத்தோடு பேசுங்கள்.