கிளம்பியதும் நின்றுவிடும் டீசல் வண்டி

நம் வணிகர்கள் பலரிடம் பழைய டாடா 407 வண்டி உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகி, மார்க்கெட் தாண்டுமுன் நின்றுவிடும். தக்காளி ஏற்றிய நாளென்றால் நஷ்டம் நம்முடையதே. உடனே பம்பைக் கழற்றச் சம்மதிக்க வேண்டாம். செலவு பிடித்த அந்த வேலை கடைசியில்தான்.

இன்ஜின் ஓடிவிட்ட பிறகு பேட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை. பம்பில் தங்கிய டீசல் தீரும்வரை ஓடுகிறது. மேற்கொண்டு வராததால் நிற்கிறது. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்ப்போம். நிற்காமல் ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. ஒரு ஊசி போதும். அடுத்து ஃபில்டர். அதன் விலைக்குக் கணக்குப் பார்க்கும் நாம், லோடு நின்ற நஷ்டத்தைப் பேரேட்டில் எழுதுவதில்லை.

பிறகு ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை நிற்காமல் வந்தால் டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று இழுக்கிறது. வெடித்த ஹோஸ், தேய்ந்த செம்பு வாஷர் இவையே பெரும்பாலும் காரணம். அங்கே டீசல் வெளியே கசியாமலும் இருக்கலாம் என்பதால் கண்ணில் படுவதில்லை. நுரையின்றி டீசல் தாராளமாக வந்தும் வண்டி நின்றால் பம்ப் மெக்கானிக்கிடம் போகலாம்.

புதிய காமன் ரெயில் வண்டிகளில் நாமே கை வைக்கக் கூடாது. அதில் டீசல் அழுத்தம் தோலைத் துளைக்கும்.