தாயின் அருகே தனிப் படுக்கை

மடுல்சீமைப் பக்கத்துக் குளிர் பச்சிளம் பிள்ளைக்குத் தாங்காது என்று, தலையணையும் கம்பளியும் சூழ உம்மா வாப்பாவின் நடுவே கிடத்துகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் முகத்தை மூடிய கம்பளியைத் தள்ளிவிடப் பிஞ்சுக் கைக்குப் பலமேது? மூச்சு அடைத்துவிடும்.

முதல் ஆறு மாதமாவது பிள்ளை தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் மல்லாந்து உறங்க வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் இதற்கான பிரசாரம் தொடங்கிய பின், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அங்கே பாதிக்குப் பாதி குறைந்தன.

கட்டிலோடு சேர்த்து வைக்கும் தொட்டில் இதற்கு ஏற்றது. ஓடாவியிடம் செய்விக்கும்போது இவற்றைச் சொல்லுங்கள்: கம்பிகளின் இடைவெளி 6 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உடல் நழுவித் தலை சிக்கும். ஏற்றி இறக்கும் பக்கச் சட்டம் வேண்டாம். அத்தகைய தொட்டில்களை அமெரிக்கா 2011இல் தடைசெய்தது. மெத்தை கெட்டியாக, சமமாக, ஓரத்தில் இடுக்கின்றிப் பொருந்த வேண்டும். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே பிள்ளை விழாதபடி இரண்டையும் இறுக்கிப் பிணையுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை மடுவங்களில் தாலாட்டிய சேலை ஏணை நமக்கும் பழக்கமானதே. ஆனால் அதில் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி மூச்சு தடைப்படலாம். அழுகையை அமர்த்த ஆட்டுங்கள்; கண் அயர்ந்ததும் தொட்டிலுக்கு மாற்றுங்கள்.

குளிருக்கு என்ன செய்வது? போர்வைக்குப் பதிலாக உடுப்பொன்றைக் கூடுதலாக உடுத்துங்கள். தொட்டிலில் பிள்ளையைத் தவிர வேறெதுவும் இருக்க வேண்டாம். இரவில் பால் கொடுக்கக் கைநீட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்களே, அதுவே போதும்.